நான்கும் உண்மை, முடிவு மட்டும் பிழை

கண்ணான என் புவனாவுக்கு,

பரீட்சை அனுமதி அட்டை வந்துவிட்டது. வருகிற சனிக்கிழமை காலை, பதுளையில். போன தடவை உன்னுடையதும் என்னுடையதும் ஒரே நாளில் வந்தன. உன் அட்டையில் தேத்தண்ணிக் கறை பட்டதற்கு நீ என்னோடு அரைநாள் சண்டை பிடித்தாய். இந்தத் தடவை ஒன்றுதான் வந்தது. தோட்டத்துக் கந்தோரில் தபால் பிரிக்கிறவர் அதை என்னிடம் கொடுத்துவிட்டு, பழக்க தோஷத்தில் இன்னொன்றையும் தேடினார். பிறகு ஞாபகம் வந்து என் முகத்தைப் பார்க்காமல் வேறு கடிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

நீ போய் எட்டு மாதமாகிறது. இதை உனக்குத் தனியாக எழுதி எந்த முகவரிக்கு அனுப்புவது? அதனால் நாலு பேர் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. நான் உனக்குச் செய்தது உனக்கும் எனக்கும் உன் புருஷனுக்கும் மட்டும்தான் தெரியும். உன் அண்ணனுக்குக்கூடத் தெரியாது. ஊருக்கு நான் நாத்தனாரைத் தங்கமாகப் பார்த்துக்கொண்ட மதினி. அந்தப் பேரைச் சுமந்துகொண்டு நடக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

வாசிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். புவனா என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் லயம் என்கிற வரிசை வீட்டுக் காம்பரா ஒன்றுக்கு நான் மருமகளாக வந்தபோது மாமியாரும் இல்லை, மாமனாரும் இல்லை. பள்ளிக்கூடச் சட்டையோடு இவள்தான் வாசலில் நின்றாள். கல்யாணமான மூன்றாம் மாதம் அவர் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனார். இன்றுவரை தீபாவளிக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை வருகிறார். ஆக, நான் வாழ்க்கைப்பட்டது அவருக்கு என்றாலும் குடித்தனம் நடத்தியது உன்னோடுதான்.

நீ வளர்ந்து, உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணி, லுணுகலையில் போட்டோக்கொப்பிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாய். நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற 'டீச்சர்' வேலையில் இருந்தேன். இரண்டு பேருக்கும் அரசாங்க உத்தியோகம் என்ற ஒரே பைத்தியம். போட்டிப் பரீட்சைக்குச் சேர்ந்து விண்ணப்பித்தோம், சேர்ந்து படித்தோம், சேர்ந்து கவிழ்ந்தோம். நீ கணக்கில் கவிழ்ந்தாய், நான் வாசிப்பில் கவிழ்ந்தேன். "நம்ம ரெண்டு பேரையும் சேத்து தச்சா ஒரு முழு கிளாக்கர் கெடைக்கும் மதினி" என்று நீ சொன்னதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

அந்த வாசிப்புப் பகுதியைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத வேண்டும். ஒரு பத்தி கொடுப்பார்கள். கீழே நாலைந்து கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: உண்மை, பொய், தந்த தகவலைக் கொண்டு கூற முடியாது. பார்த்தால் பால்குடி விளையாட்டு மாதிரித் தெரியும். அந்த மூன்றாவது கட்டத்தில் நான் ஒரு நாளும் கோடு போட்டதில்லை. கூற முடியாது என்று சொல்ல நான் என்ன ஊமையா என்று நினைப்பேன்.

கடையில் வீணாய்ப்போன கொப்பித் தாள்களை நீ சேர்த்து வைத்து, அவற்றின் பின்பக்கத்தில் உன் கையாலேயே எனக்குப் பத்திகள் எழுதிக் கொண்டுவருவாய். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக் காயப்போட்ட பிறகு, இஸ்தோப்புத் திண்ணையில் பாய் விரித்து உட்காருவோம். வயதில் பெரியவள் மாணவி, சின்னவள் வாத்தியார். அக்கம்பக்கத்தில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

முதல் பத்தி எனக்கு இன்னும் மனப்பாடம். 'ஒரு கிராமத்துக்கு பஸ் ஓடத் தொடங்கியது. அடுத்த வருடம் பாடசாலைக்கு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியது.' கூற்று: பஸ் ஓடியதால் பிள்ளைகள் கூடினார்கள். நான் பட்டென்று 'உண்மை'யில் கோடு போட்டேன்.

"அது எங்க எழுதியிருக்கு மதினி?" என்றாய்.

"இத வேற எழுதணுமா? பஸ் இல்லாட்டி புள்ளைங்க எப்பிடி போகும்? நம்ம தோட்டத்துல பாக்கலியா?"

"நம்ம தோட்டத்த பத்தி யாரு கேட்டா? அந்த வருசம் பள்ளிக்கூடத்துல சோறு குடுக்க ஆரம்பிச்சிருக்கலாம். நல்ல டீச்சர் ஒருத்தங்க வந்திருக்கலாம். பஸ் வந்துச்சு. புள்ளைங்க கூடுச்சு. ரெண்டு விசயம்தான் எழுதியிருக்கு. நடுவுல இருக்குற 'அதனால' நீங்க போட்டது."

எனக்குக் கோபம் வந்துவிடும். தோற்றுப்போகத் தெரியாத வாய் இது. "நெருப்பில்லாம பொகையுமா?" என்று பழமொழியை எடுத்து விடுவேன். நீ எதிர்மலையைக் காட்டுவாய். "பனியும் தூரத்துல நின்னு பாத்தா பொகதான் மதினி."

பல் பிடுங்கிய மாமா கதையை நான் இங்கே சொல்லாவிட்டால் நீ என்னை விடமாட்டாய். ஒரு சனிக்கிழமை பகல், பசறைப் பக்கத்திலிருந்து உங்கள் தூரத்துச் சொந்தத்தில் ஒரு மாமா வந்து நம் வாசலில் நின்றார். "வாங்க மாமா" என்றேன். வாய் திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு படி ஏறாமல் நின்றார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். சாவுக் கேதம் சொல்ல வருகிறவர்தான் படி ஏறமாட்டார், பச்சைத் தண்ணீர் தொடமாட்டார். இது தோட்டத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். அவர் வீட்டு அத்தை படுத்த படுக்கையாகக் கிடந்ததும் எனக்குத் தெரியும். பிறகு என்ன வேண்டும்? "ஐயோ அத்தே" என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்துக் காம்பராப் பெண்கள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஒருத்தி உள்ளே போய்ச் சோற்றுப் பானையை இறக்கி அடுப்பை அணைத்தாள். மனிதர் மிரண்டுபோய்ச் சட்டைப் பைக்குள் கையை விட்டு, மூலையில் மஞ்சள் தடவிய காதுகுத்துப் பத்திரிகையை எடுத்து நீட்டினார். காலையில் பதுளையில் பல் பிடுங்கியிருக்கிறார். வாய் நிறையப் பஞ்சு. வருகிற வழியில் காலில் அட்டை ஏறி இரத்தம் ஒழுகியதால் வீட்டுக்குள் வரக் கூச்சப்பட்டிருக்கிறார். காதுகுத்துக்குப் போனபோது அந்த அத்தை எழுந்து உட்கார்ந்து, "என்னைய உசுரோட அழுதவ இவதான்" என்று வந்தவர்களுக்கெல்லாம் என்னைக் காட்டினார்.

அடுத்த ஞாயிறு நீ அதையே பத்தியாக எழுதிக் கொண்டுவந்தாய். 'ஒருவர் வீட்டுக்கு வந்தார். படி ஏறவில்லை. பேசவில்லை. தண்ணீர் அருந்தவில்லை.' கீழே ஒரே ஒரு கூற்று: 'யாரோ இறந்துவிட்டார்.' அன்றைக்குத்தான் முதல் தடவையாக மூன்றாவது கட்டத்தில் கோடு போட்டேன். நீ கைதட்டினாய். எனக்குப் பாடம் படிந்துவிட்டது என்று நாம் இருவருமே நம்பினோம். அதுவும் அவசரப்பட்டுக் கட்டிய முடிவுதான்.

உன் கல்யாணத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம், பிள்ளை இல்லை. வளைகாப்பு என்றால் என்னைச் சோறு பரிமாறக் கூப்பிடுவார்கள், வளையல் போடக் கூப்பிடமாட்டார்கள். பச்சைக் குழந்தையைத் தூக்கினால் மறுநாள் அதன் கன்னத்தில் மைப்பொட்டு பெரிதாகியிருக்கும். பகலெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துச் சோறூட்டுகிறவள் நான்தான். அப்போது மட்டும் என் கண் நல்ல கண். எதிர்த்துப் பேசியதில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரங்களைத்தான் கொஞ்சம் சத்தமாகக் கழுவுவேன்.

ஹாலிஎலயில் உனக்குச் சம்பந்தம் அமைந்தது. மணவறையில் ஆலாத்தி எடுக்க நீ என் பெயரைச் சொன்னாய். உங்கள் பெரியம்மா பக்குவமாகத்தான் சொன்னார்: "புள்ள குட்டிக்காரி யாராச்சும் எடுக்கட்டுமே ஆத்தா." நீ மாலையும் கழுத்துமாக நிமிர்ந்து பார்த்தாய். "எங்க மதினி எடுக்கட்டும். இல்லாட்டி நான் இப்பிடியே ஒக்காந்திருக்கேன். எனக்கு ஒன்னும் அவசரமில்ல." சபை முழுக்கக் கேட்டது. தட்டைச் சுற்றும்போது அதிலிருந்த சிவப்புத் தண்ணீர் என் சேலையில் கொட்டியது. அந்தக் கறை போகவில்லை, நானும் போக்க முயலவில்லை.

நீ ஹாலிஎலக்குப் போன பிறகு காம்பராவில் நான் மட்டும். ஒரு ஆளுக்குச் சோறு வைக்கிற அளவு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறாவது வந்துவிடுவாய். பசறையில் பஸ் மாறி, லுணுகலையில் பஸ் மாறி, அந்த உடைந்த பாதையில் ஆட்டோ பிடித்து, பையில் பத்திகளோடு வருவாய். பிறகு வருவது குறைந்தது.

கடைசியாக வந்து இரண்டு நாள் தங்கினாய். அன்றைக்கு நான் பார்த்தவை இவை. கருவாடு பொரித்தேன், வாசம் பட்டதும் பின்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தாய். "பஸ்ல ரொம்ப குலுங்க கூடாதுன்னு டாக்டரு சொன்னாரு, இனி அடிக்கடி வர ஏலாது மதினி" என்றாய். புதன்கிழமைகளில் கிளினிக் போவதாக வாய்தவறிச் சொன்னாய். என்ன கிளினிக் என்று கேட்டால் "சும்மாதான்" என்று பேச்சை மாற்றினாய். சாப்பிட்ட பிறகு பப்பாளி வெட்டி வைத்தேன். உனக்கு உயிரான பழம். ஒரு துண்டை எடுத்தாய், பார்த்தாய், திரும்பத் தட்டில் வைத்துவிட்டாய்.

வாந்தி, குலுங்கக் கூடாது, கிளினிக், பப்பாளி வேண்டாம். கல்யாணமாகி ஒரு வருடமான பெண். எந்த லயத்தில் போய் யாரிடம் கேட்டாலும் ஒரே விடைதான் சொல்வார்கள். நானும் அதைத்தான் எழுதிக்கொண்டேன். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அதன்மேல் இன்னொரு மாடி கட்டினேன். முழுகாமல் இருக்கிறாள், என்னிடம் மறைக்கிறாள். ஏன் மறைக்க வேண்டும்? நான் பிள்ளை இல்லாதவள், என் கண் பட்டுவிடும் என்று பயம்.

மணவறையில் எனக்காக அடம்பிடித்த பெண்ணைப் பற்றித்தான் இப்படி முடிவு கட்டினேன். அந்த வரியும் பத்தியில் இருந்தது, புவனா. நான் வாசிக்கவில்லை. எனக்கு எங்கே வலிக்குமோ அந்த வரிகளை மட்டும் வாசித்தேன்.

கேட்டிருக்கலாம். இரண்டு இரவு ஒரே பாயில் படுத்திருந்தோம். "என்னா புள்ள விசயம்?" என்று ஒரு வார்த்தை போதும். அவளாகச் சொல்லட்டுமே என்று வீம்பாக இருந்தேன். நீ போகும்போது ஆட்டோவரைக்கும் வரவில்லை. அடுப்பில் வேலை இருக்கிறது என்று பொய் சொன்னேன்.

நாலு வாரம் உன்னிடமிருந்து அழைப்பு இல்லை. ஐந்தாவது வாரமும் கோயில் மேட்டுக்கு ஏறிப்போனேன், அங்கேதான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று உனக்கு ஒரு செய்தி எழுதினேன். அதை ஒரு எழுத்து மாற்றாமல் இங்கே எழுதுகிறேன், எல்லாரும் பார்க்கட்டும். 'மறைக்க வேண்டியதில்லை. மலடி கண் படாது. பிள்ளை நல்லபடியா பொறக்கட்டும்.'

நீ வாசித்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கீற்றுகள் விழுந்தன. பதில் வரவில்லை. பார்த்தாயா, நான் நினைத்தது சரிதான் என்று மேட்டிலிருந்து இறங்கி வந்தேன்.

பதினோராம் நாள் மத்தியானம் உன் கொழுந்தன் வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். உட்கார்ந்தான். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன், கடைசிச் சொட்டுவரை மெதுவாகக் குடித்தான். கதவு வழியாக வாசல் கொடியைப் பார்த்து "போஞ்சி நல்லா காய்ச்சிருக்குக்கா" என்றான். படி ஏறி வந்து தேத்தண்ணி குடிக்கிறவன் கெட்ட செய்தி கொண்டுவரமாட்டான். எத்தனை மாதம் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அக்கா, அண்ணி காலைல தவறிட்டாங்க."

அவன் டவுனில் வளர்ந்தவன், கேதம் சொல்லுகிற முறையெல்லாம் தெரியாது. சொல்லத் தைரியம் வராமல்தான் குடித்துக்கொண்டே இருந்தானாம். பல் பிடுங்கியவர் வந்தபோது ஊரைக் கூட்டி அழுத நான், அன்றைக்கு அவனைப் பார்த்து "யாரு அண்ணி?" என்று கேட்டேன்.

வயிற்றில் கட்டி. கண்டுபிடித்தபோதே முற்றியிருந்ததாம். வாந்தி அதனால். குலுங்கக் கூடாது என்றது அதற்காக. புதன்கிழமை கிளினிக் அதற்காக. பப்பாளியை ஏன் திரும்ப வைத்தாய் என்று மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது. பசி இல்லாமல் இருந்திருக்கலாம். நான் பார்த்த நான்கும் உண்மை. அவற்றிலிருந்து நான் எடுத்த முடிவு மட்டும் பிழை. பரீட்சையில் என்றால் ஒரு புள்ளி போயிருக்கும்.

உன் வீட்டு முற்றத்தில் எல்லாரும் என்னைத்தான் கட்டிக்கொண்டு அழுதார்கள். "தாய் மாதிரி பாத்தியேம்மா" என்றார்கள். உன் புருஷன் கதவோரம் நின்று என்னைப் பார்த்தார். உன் போன் அவர் சட்டைப் பையில் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குப் பிறகு எட்டு மாதம் அந்தத் தம்பிக்கு நான் முகம் கொடுக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து உன் அண்ணன் கொழும்புக்குப் போய்விட்டார். அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை.

நீ இருந்தபோதே வருகிறது என்று சொன்ன பரீட்சை தள்ளிப் போய் இப்போதுதான் வந்திருக்கிறது, இந்தத் தடவை விட்டால் எனக்கு வயது எல்லை தாண்டிவிடும். அதனால் மூன்று மாதத்துக்கு முன்னால் பழைய தாள்களை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை, துணி காயப்போட்டுவிட்டு, அதே பாயில். எழுதி முடித்துவிட்டு விடை திருத்த ஆளில்லாமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு நானே திருத்தினேன். இருபது கூற்றில் பதினேழுக்கு மூன்றாவது கட்டத்தில் கோடு போட்டிருந்தேன். ஒன்றைக் கேள், உனக்குச் சிரிப்பு வரும். 'அந்தப் பாடசாலையில் கற்பிக்கும் எல்லோரும் பெண்கள். மாலா அங்கே கற்பிக்கிறார்.' மாலா பெண்ணா? கூற முடியாது என்று போட்டிருக்கிறேன்.

சூடு கண்ட பூனை கதைதான். முன்பு இல்லாததையெல்லாம் கண்டேன், இப்போது இருக்கிறதையும் காண மறுக்கிறேன். அவசரக்காரிக்கும் பயந்தவளுக்கும் ஒரே புள்ளிதான் கிடைக்கிறது. எழுதியிருப்பதிலிருந்து வரவேண்டிய முடிவு வந்தே தீரும், அதை எழுதத் தைரியமும் வேண்டும். நீ இதை எனக்குச் சொல்லித் தரவில்லை. அந்தப் பிழையை நான் அப்போது செய்யவில்லையே.

வாழ்க்கையில் வினாத்தாளில் இல்லாத வசதி ஒன்று உண்டு. தெரியாவிட்டால் போய்க் கேட்கலாம். இப்போது எல்லாரையும் கேட்கிறேன். பிள்ளையை எடுக்கப் பிந்தி வருகிற தாயிடம் "அக்கறையில்லாதவ" என்று முறைக்காமல் "என்னாங்க லேட்டு?" என்று கேட்கிறேன். கொழுந்து நிறுவையில் வரிசை நீளமாம். புதிதாகக் கல்யாணமான ஒருத்தி பிள்ளைக்காம்பரா வாசலில் வாந்தி எடுத்தாள். கூட நின்றவர்கள் கண்ணால் சிரித்துக்கொண்டார்கள். நான் போய், "ஒடம்புக்கு என்னாம்மா?" என்றேன். "நேத்து வாங்குன மீனுங்க டீச்சர்" என்றாள். டீச்சருக்கு இப்போது எதற்கெடுத்தாலும் கேள்வி என்று என் முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள். பேசட்டும்.

ஆனால் கேட்க வேண்டிய ஒரு இடத்தில் மட்டும் கேட்காமல் இருந்தேன். போன ஞாயிறு ஹாலிஎலக்குப் போனேன்.

உன் புருஷன் வீட்டுக்குப் பின்னால் துணி அலசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு எழுந்து "வாங்கக்கா" என்றார். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும் என்று நின்றுகொண்டே கேட்டேன்.

"தம்பி, எனக்கு அவ ஏன் நோவ சொல்லல?"

"மதினி சோதன எழுதி முடிக்கட்டும்னா. இப்ப சொன்னா பொஸ்தகத்த மூடி வச்சிட்டு இங்க வந்து ஒக்காந்துக்குவாங்க, அவங்களுக்கு இது கடைசி தடவன்னு சொன்னா." வாளியிலிருந்து ஒரு சட்டையை எடுத்தார். "அது ஒங்க மெசேஜ் வர்றதுக்கு முந்தி."

"மெசேஜ பாத்தப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"இருந்தேங்க்கா."

"என்னா சொன்னா?"

அவர் கையிலிருந்த சட்டையைப் பிழிந்தார். தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்துகொண்டிருந்தார். "ஒன்னும் சொல்லல. வாசிச்சா. போன குப்புற வச்சா. கொஞ்ச நேரம் செவுத்த பாத்துக்கிட்டு இருந்தா. தண்ணி கேட்டா, குடுத்தேன். அப்புறம் தூங்கிட்டா."

"எம்மேல கோவமா இருந்தாளா தம்பி?"

"ஒங்க மனசுக்காக இல்லன்னு சொல்லிறலாம்க்கா. எனக்கு நெசமாவே தெரியாது. அதுக்கப்புறம் ஒங்கள பத்தி அவ ஒன்னும் பேசல. நல்லதும் பேசல, கெட்டதும் பேசல."

நல்ல மனிதர். எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வாசித்தாய். குப்புற வைத்தாய். சுவரைப் பார்த்தாய். தண்ணீர் கேட்டாய். லுணுகலை வரும்வரைக்கும் அந்த நாலு வரிக்குள் மன்னிப்பைத் தேடினேன். பசறை தாண்டும்போது இருந்த மாதிரி இருந்தது. தண்ணீர் கேட்டவள் கோபத்தோடா இருந்திருப்பாள்? அடுத்த வளைவில் இல்லாமல் போய்விட்டது. சுவரைப் பார்த்தவள் என்ன நினைத்திருப்பாள்? பக்கத்து சீட் அம்மா "ஏம்மா அழுவுறீங்க?" என்று கேட்டார். பஸ் குலுக்கல் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். கேள்வி கேட்கிறவர்களிடம் பொய் சொல்லக் கூடாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

புவனா, ஒன்றை மட்டும் நான் தைரியமாக எழுதிக்கொள்கிறேன். பெரியம்மா தடுத்தும் ஆலாத்தித் தட்டை என் கையில் கொடுக்கச் சொன்னவள் என் கண்ணுக்குப் பயந்தவள் இல்லை. என் பரீட்சைக்காகத் தன் நோவை மறைத்தவள் என்னை வேண்டாதவளும் இல்லை. இது உண்மை, முதல் கட்டம். கடைசிப் பதினோரு நாளும் நீ என்னை என்னவாக நினைத்துக்கொண்டு படுத்திருந்தாய் என்பது எனக்குத் தெரியாது. அவள் மன்னித்திருப்பாள் என்று நானாகச் சொல்லிக்கொண்டால் நிம்மதியாகத் தூக்கம் வரும். அந்த நிம்மதி எனக்கு வேண்டாம். உன் வாயில் இல்லாத வார்த்தையை ஒரு தடவை போட்டது போதும்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போவேன். பாஸாவேன் என்று சத்தியம் செய்யமாட்டேன். இருக்கிறதை மட்டும் வாசிப்பேன், வருகிற முடிவை மட்டும் எழுதுவேன் என்று சத்தியம் செய்கிறேன். எந்தப் பெண்ணின் முகத்தையும் வயிற்றையும் பார்த்து நானாகக் கதை கட்டமாட்டேன், பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்பேன் என்றும் சத்தியம் செய்கிறேன்.

இவ்வளவு எழுதியும் சொல்ல வேண்டியதை இன்னும் சொல்லவில்லை. அந்தச் செய்தியை உனக்கு அனுப்பியது பிழை. என்னை மன்னித்துக்கொள் தாயே. உன்னிடமிருந்து பதில் வராது. வராததை வைத்து நான் எதையும் நினைத்துக்கொள்ளமாட்டேன்.

உன் அண்ணன் பெண்சாதி,
உன்னோடு குடித்தனம் நடத்திய
மதினி சரோஜா